எட்டாம் வகுப்பு மகனை பெல்ட்டால் அடித்துவிட்டேன். இனி என்ன செய்வது?

கடைக்காரன் (திசையன்விளை) | இரவு 10.50

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் பதினோரு வருடம் மளிகைக்கடை வைத்திருந்தேன். காலை 5 மணிக்குக் கடை திறந்தால் ஷட்டரை இறக்க இரவு 11 ஆகும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள், ஊர்ச்சபை விருந்தான அசனப் பண்டிகைக்கு இரண்டு நாள் வருவேன். போன வருடம் கடையைக் கைமாற்றிவிட்டு ஊருக்கே வந்து, இங்கே சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறேன்.

மகன் எட்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்புவோம். பத்து ரூபாயைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு நாற்பதை எடுத்து வைத்து, போன் விளையாட்டுக்குக் கட்டியிருக்கிறான். ஜூன் மாதத்திலிருந்து பதினெட்டு ஞாயிறு. ரீசார்ஜ் கடைக்காரர்தான், "உங்க பையன் வாரம் தவறாம வாறானே" என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். இல்லை என்றான். மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை என்றான். பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். எத்தனை அடி என்று எனக்கே தெரியாது. மனைவி குறுக்கே விழுந்த பிறகுதான் கை நின்றது. அவன் அழவேயில்லை.

இன்றோடு ஐந்து நாள். கிணற்றடியில் சட்டையோடு குளிக்கிறான். நான் எது கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. அவன் அம்மா இரவில் அவன் தூங்கிய பிறகு முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள்.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற நீதிமொழிகள் 13:24 எனக்கும் மனப்பாடம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அடித்தபோது என் மனதில் வசனம் இல்லை. ரீசார்ஜ் கடைக்காரர் முன்னால் தலை குனிந்து நின்றதுதான் இருந்தது. பேசாமல் ஹாஸ்டலில் சேர்த்துவிடு, அங்கே திருந்திவிடுவான் என்று அண்ணன் சொல்கிறார். என்ன செய்வது என்று தெரியவில்லை. பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

இடுக்கமான வாசல் (வள்ளியூர்) | இரவு 11.20

சகோதரரே, மனம் உடையவேண்டாம். காணிக்கைக் காசை எடுத்தது சின்ன விஷயம் இல்லை, நீங்கள் கண்டும் காணாமல் விட்டிருந்தால் அதுதான் பெரிய தவறு. ஏலி ஆசாரியன் தன் மகன்கள் செய்த அக்கிரமத்தைத் தெரிந்திருந்தும் அடக்கவில்லை. அதற்காகவே அவன் வீட்டின்மேல் நியாயத்தீர்ப்பு வந்தது. "பிள்ளையைத் தண்டியாமல் விடாதே" என்பதும் நீதிமொழிகள்தான். இன்றைக்குப் பிள்ளைக்குப் பயந்து போனைப் பிடுங்கக்கூடத் தைரியம் இல்லாத பெற்றோரைத்தான் சபை முழுக்கப் பார்க்கிறேன்.

ஆனால் பெல்ட் வேண்டாம். கோபத்தோடு கை ஓங்கவே கூடாது. எனக்கு மூன்று பிள்ளைகள். தப்பு நடந்த அன்றைக்கு நான் தண்டித்ததே இல்லை. மறுநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, எதற்கு என்று சொல்லி, ஒரே ஒரு பிரம்படி, அப்புறம் சேர்ந்து ஜெபம். மூவருமே இன்றைக்கு ஆண்டவருக்குள் இருக்கிறார்கள்.

ஓய்வு வாத்தியார் (பாளையங்கோட்டை) | காலை 6.10

தம்பி, ராத்திரி படித்தேன், தூக்கம் வரவில்லை. 34 வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்குமேல் என் மேசை இழுப்பறையில் பிரம்பு இருந்தது. ஜூன் மாதம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே அப்பாமார் சொல்லுவார்கள்: "சார், கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க." அதைப் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளின் கைகளில் நான் அடித்த சில அடிகளுக்கு இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கிறேன். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்தது. நல்ல வேளை.

ஆனால் நான் சொல்ல வந்தது அடியைப் பற்றி அல்ல. அந்த "உரிச்சிருங்க" என்ற பேச்சில் இன்னொன்று இருக்கிறது. பிள்ளையைத் திருத்துவது என் வேலை இல்லை, உங்கள் வேலை என்பதுதான் அது. இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று ஓய்வுபெற்ற பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

நம் சீமையில் 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்று முதலூர் உண்டானது. 1820-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1838-ல் இங்கேயே கண்ணை மூடும்வரை ஊர் ஊராகச் சபையும் பள்ளிக்கூடமும் வைத்தார். 1841-ல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தார், அவர் மனைவி எலிசா அம்மா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பல ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரைதான். ஞாயிறு ஜெபம், திங்கள் பாடம். ஊர்ச்சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார்தான் வாத்தியாரும். அப்பன் விடியுமுன்னே பனையில் இருப்பான், அம்மா அடுப்படியில் பதநீர் காய்ச்சுவாள், இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. பிள்ளைக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்க உபதேசியாரை விட்டால் ஆள் கிடையாது. அன்றைக்கு அதுதான் சரி.

இப்போது நிலைமை என்ன? அப்பா பி.காம், அம்மா பி.எட். இருந்தும் வேதத்தை ஞாயிறு பள்ளி அக்காவிடம், பாடத்தை டியூஷனில், ஒழுக்கத்தை ஹாஸ்டலில் கொடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அடிக்கிற உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டோம். உபாகமம் 6-ல் மோசே சொன்னது ஆலய ஊழியம் செய்த லேவியருக்கு அல்ல, பெற்றோருக்கு. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பிள்ளையிடம் பேசு என்கிறார். அந்த நாலு நேரமும் பிள்ளையோடு இருந்தால்தானே பேச முடியும்?

ஹாஸ்டல் வேண்டாம் தம்பி. பதினோரு வருடம் இல்லாமல் இருந்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள்.

கருப்பட்டி மகள் (உடன்குடி) | காலை 9.35

சார் சொன்ன அடுப்படி அம்மா எங்கள் அம்மாதான். அப்பா பனையேறி. அம்மாவுக்குக் கையெழுத்துக்கூட வராது, ரேகைதான்.

சாயங்காலம் வட்டச் சட்டியில் பதநீர் கொதித்துக்கொண்டிருக்கும். நான் விறகுக் கட்டுமேல் உட்கார்ந்து சத்தமாக வேதம் வாசிக்கவேண்டும். புகையில் கண் எரியும். விளையாடப் போகும் அவசரத்தில் ஒரு நாள் நடுவில் நாலு வசனத்தைத் தாண்டிவிட்டேன். அம்மா துடுப்பை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "அந்த ஊமையனைச் சொன்னது எங்க பிள்ளே? அவனை விட்டுட்டியே" என்றாள். படிக்கத் தெரியாதவளுக்குக் காதுவழியாகவே சுவிசேஷம் முழுக்க ஏறியிருந்தது. நான் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய் வாசித்தேன். அப்புறம் பாகு பதம் வந்து சிரட்டையில் ஊற்றி முடிந்ததும், சட்டியில் ஒட்டியதைச் சுரண்டி ஓலையில் வைத்துக் கொடுத்தாள்.

அம்மா என்னை அடித்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். புளிய விளாறு கதவிடுக்கில் இருக்கும், ஒன்றிரண்டு முறை காலில் விழுந்திருக்கிறது. எதற்கு விழுந்தது என்பது மறந்துபோச்சு. அந்த ஊமையன் மறக்கவில்லை.

அண்ணாச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. உங்கள் மகனோடு நீங்கள் கடைசியாக உட்கார்ந்து வேதம் வாசித்தது எப்போது?

கடைக்காரன் (திசையன்விளை) | காலை 10.05

தங்கச்சி, வாசித்ததே இல்லை. குடும்ப ஜெபம் அவன் அம்மா நடத்துவாள். நான் சென்னையிலிருந்து போனில் ஸ்பீக்கரில் இருப்பேன். சில நாள் சரக்கு இறக்கிக்கொண்டே கேட்பேன்.

பழைய விடுதி மாணவன் | மதியம் 1.15

எனக்கு 23 வயது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஹாஸ்டல். எந்த ஹாஸ்டல் என்பது வேண்டாம். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே அப்பா என்னை அனுப்பினார் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அங்கிள், அடி வலிக்கும், ஆறிவிடும். எனக்கு ஆறாதது வேறு ஒன்று. எட்டாம் வகுப்பில் நான் ஒரு தப்பு செய்தேன். லீவுக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் அப்பா அதை ஜெபக்குறிப்பாகச் சொன்னார். என் பெயரையும் சேர்த்து. பதினைந்து இருபது பேர் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் சுவரோரம். எல்லோரும் கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார்கள். நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ஒரு அத்தை ஜெபம் முடிந்ததும் என் தலையில் கை வைத்து, "ஆண்டவர் உன்னை மாத்துவார்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்றிலிருந்து எந்தத் தப்பையும் அப்பாவிடம் சொன்னதில்லை.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் மகன் செய்ததைச் சபையில் யாரிடமும் சொல்லாதீர்கள், போதகர் ஐயரிடம்கூட. இங்கே பெயர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள், அதோடு போதும்.

இடுக்கமான வாசல் (வள்ளியூர்) | மதியம் 2.00

தம்பி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நானும் என் மூத்த மகனைப் பற்றி அப்படி ஜெபக்குறிப்பு கொடுத்திருக்கிறேன். அதில் தப்பு இருப்பதாக இதுவரை தோன்றியதில்லை. அவனிடம் பேசுகிறேன்.

வாத்தியார் சாரிடம் ஒரு கேள்வி. வீட்டில் கண்டிப்பே வேண்டாம் என்கிறீர்களா?

ஓய்வு வாத்தியார் (பாளையங்கோட்டை) | மாலை 4.40

கண்டிப்பு வேண்டும் ஐயா. தாவீது ராஜாவே தன் மகன் அதோனியாவை "ஏன் இப்படிச் செய்கிறாய்" என்று ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை என்று 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் விலையை அந்த வீடு கொடுத்தது.

எபேசியர் 6:4-ல் "சிட்சையிலும் போதனையிலும்" வளர்க்கச் சொல்கிறார் பவுல். நாம் சிட்சை என்றாலே அடி என்று வைத்துக்கொண்டோம். அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல் பைதேயா. பிள்ளையை ஆளாக்கும் பயிற்சி முழுவதற்கும் அந்தச் சொல்தான், திருத்துவதும் அதற்குள் அடக்கம். அதே வசனத்தில் முதலில் வருவது "பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்பது. அதை நாம் பிரசங்கத்தில் அவ்வளவாகக் கேட்பதில்லை. நீதிமொழிகளில் பிரம்பு என்று வரும் அதே எபிரெயச் சொல்தான் சங்கீதம் 23-ல் கோல் என்று வருகிறது. அந்தக் கோல் தேற்றுகிறது.

இடுக்கமான வாசல் (வள்ளியூர்) | மாலை 5.05

சொல் ஒன்றாக இருக்கலாம் சார். ஆனால் நீதிமொழிகள் 23-ல் "அடித்தால்" என்றே இருக்கிறது. அதையும் தேற்றுவது என்று மாற்றிவிட்டால் வசனத்தை நம் வசதிக்கு வளைப்பதாகிவிடும். அந்தப் பிரம்பு தகப்பனின் கோபத்துக்குக் கொடுக்கப்பட்டது அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குமேல் என்னால் வர முடியாது.

ஓய்வு வாத்தியார் (பாளையங்கோட்டை) | மாலை 5.20

சரி ஐயா. அந்த இடத்தில் நாம் இரண்டு பேரும் வேறுபடுகிறோம், இருக்கட்டும்.

கோர்ட் ரோடு | மாலை 6.30

வக்கீல் வேலை பார்ப்பதால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பள்ளிக்குத்தான் சட்டம், வீட்டில் பெற்றவன் என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கும் யாருக்கும் பொருந்தும். பிள்ளைக்குத் தேவையில்லாத உடல், மன வேதனை உண்டாகும்படி தாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பிள்ளையே போன் செய்யலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. முதுகில் தோல் கிழிந்திருந்தால் எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உவரிக்காரி | இரவு 8.10

நாங்கள் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன்னால் மறைக்கல்வி வகுப்பு, உறுதிப்பூசுதலுக்கு முன்னால் இன்னொரு வகுப்பு. வகுப்பு முடிந்தால் பிள்ளைக்கு விசுவாசம் வந்துவிட்டதென்று நாங்களும் நினைத்துக்கொள்கிறோம். 1965-லேயே எங்கள் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான் என்று சொல்லிவிட்டது. எங்கள் பங்குச்சாமி அதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவோம்.

என் வீட்டுக்காரர் வள்ளத்தில் போகிறவர். நடுச்சாமத்தில் கடலுக்குப் போனால் திரும்பி வரும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது எங்கள் கரையில் வழக்கம். அன்றைக்கு மட்டும் அவர் கீழே உட்கார்ந்து வலை பொத்துவார், பையன்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நூல் கோத்துக் கொடுப்பார்கள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் நடந்த சண்டை, வாத்தி திட்டியது எல்லாம் வெளியே வரும். நேருக்குநேர் உட்காரவைத்துக் கேட்டால் என் பையன்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். கைக்கு வேலை இருக்கவேண்டும்.

அண்ணா, உங்களுக்குத்தான் கடை இருக்கிறதே. பொட்டலம் போட விடுங்கள்.

தாமிரபரணிக் கரை | இரவு 9.25

நாற்பது ரூபாய்க்கு இவ்வளவு பேசுகிறோம். பேசவேண்டியதுதான். இன்னொன்றையும் இந்த இழையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு குழு போட்டது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்பது உள்படப் பல பரிந்துரைகள் 2024 ஜூனில் வந்தன. அந்தக் கயிற்றைப் பள்ளி அவிழ்க்கட்டும். ஆனால் அது வீட்டில்தானே கட்டப்படுகிறது?

நம் கிறிஸ்தவ வீடுகளைச் சொல்கிறேன். பையன் காசு திருடினால் பெல்ட் கழலுகிறது. அதே பையன் சாப்பாட்டு மேசையில் இன்னொரு சாதிப் பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்துச் சொன்னால் என்ன நடக்கிறது? ஆச்சி சிரிக்கிறாள், அப்பா சோற்றைப் பிசைகிறார். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. நான் பேசவில்லை. மறுநாள் என் மகளே கேட்டாள்: "அப்பா, ஞானஸ்நானத்துல எங்களுக்காக நீங்க என்ன வாக்குக் கொடுத்தீங்க?" திடப்படுத்தல் வகுப்பில் ஐயர் அதைப் பாடமாக எடுத்திருக்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஜெபப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபை முன்னால் ஒப்புக்கொடுக்கிற வார்த்தைகள் அங்கேதான் இருக்கின்றன. அன்றைக்கு என் கவனம் போட்டோகிராபர் எங்கே நிற்கிறார் என்பதில் இருந்தது.

கருப்பட்டி மகள் (உடன்குடி) | இரவு 9.50

தாமிரபரணிக் கரை அண்ணாச்சி சொன்னது நெஞ்சில் இறங்குகிறது. இதோடு சேர்ந்த ஒன்று. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலை டியூஷன் வைத்து, ஞாயிறு பள்ளியை நிறுத்துவது யார்? நாம்தான். மார்க் வந்தால் போதும், வேதம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைக்கு நம் கையாலேயே கற்றுக்கொடுக்கிறோம். என் மகள் விஷயத்தில் நானே அதைச் செய்தேன். இப்போது அவள் கல்லூரியில் இருக்கிறாள், கோயிலுக்கு வா என்றால் "அசைன்மென்ட் இருக்கும்மா" என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைக்காரன் (திசையன்விளை) | பத்து நாள் கழித்து, இரவு 11.05

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன்.

டாக்டரிடம் காட்டினேன். ஒரு இடத்தில் மட்டும் தோல் கிழிந்திருந்தது, மருந்து கொடுத்தார். எப்படி என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியானவன்தான்.

வரும் வழியில் வண்டியை ஒரு உடைமரத்து நிழலில் நிறுத்திவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ எடுத்தது தப்பு. நான் அடித்ததும் தப்பு. இனி உன்மேல் கை வைக்கமாட்டேன்" என்றேன். அவன் தேரி மண்ணைச் செருப்பால் கிளறிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்து, "நீங்க சென்னையில இருக்கப்போ ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவீங்களா?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரிய வழியில்லை. ஞாயிறுதான் எங்களுக்கு வியாபாரம் அதிகம். பதினோரு வருடத்தில் போனது கைவிரலுக்குள் அடங்கும். "இல்லைப்பா, கடை திறந்திருப்பேன்" என்றேன். "ம்" என்றான். ஆனால் அது அந்தப் பழைய "ம்" இல்லை.

அப்புறம் இன்னொன்று கேட்டான். மறுபடியும் சென்னைக்குப் போய்விடுவீர்களா என்று. நான் அடித்தது, அவன் எடுத்தது எல்லாவற்றையும் விட அதுதான் அவனுக்குள் இருந்திருக்கிறது.

ஹாஸ்டல் இல்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். பையன் எடுத்தது மொத்தம் 720 ரூபாய். உவரி தங்கச்சி சொன்னபடி சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்னோடு கடையில் பொட்டலம் போடவேண்டும், அதற்கு 80 ரூபாய், அது அப்படியே காணிக்கைப் பெட்டிக்குப் போகும் என்று பேசி முடித்தோம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். அந்த விடுதித் தம்பிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. போனை ராத்திரி 9 மணிக்கு மேல் அவனும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது என்பது அவன் அம்மா போட்ட சட்டம். இதை எழுதுவதற்காக இன்றைக்கு மட்டும் அவளிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை மல்லியும் சீரகமும் நூறு நூறு கிராமாகப் போட்டான். முதல் பத்துப் பொட்டலமும் நூல் நிற்கவில்லை, அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உவரிக்காரி | இரவு 11.30

நல்லது அண்ணா. மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கடைக்காரன் (திசையன்விளை) | மறுநாள் ஞாயிறு, காலை 6.20

80 ரூபாய் பெட்டியில் விழுந்தது போன ஞாயிறு. நேற்றும் கடைக்கு வந்தான், இன்றைக்குப் போட 80 தனியாக எடுத்து வைத்திருக்கிறான். அதையும் போட்டால் பாக்கி 560.

ராத்திரி மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரம் வாசித்தோம். நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கிய இடம் வரும்போது தூங்கிவிட்டான். எழுப்பவில்லை. பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.